பால்மாடு வைத்திருப்பவருக்குக் கைகொடுப்பது எப்படி: முதலில் நோட்டு, அப்புறம் மீத்தேன்

நீங்கள் பால் சங்கத்தில் வேலை பார்ப்பவராக இருக்கலாம், பால் வாங்கும் நிறுவனத்தின் களப்பணியாளராக இருக்கலாம், தொண்டு நிறுவனத்தில் இருக்கலாம், இல்லையென்றால் அப்பா அம்மா வளர்க்கும் மாடுகளை இனி என்ன செய்வது என்று யோசிக்கும் பிள்ளையாக இருக்கலாம். யாராக இருந்தாலும், "சுற்றுச்சூழலுக்கு ஏற்ற பால் உற்பத்தி" என்று தலைப்புப் போட்டு ஒரு கூட்டம் கூட்டி இந்த வேலையைத் தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். திரையில் படம் காட்டினோம், மாடு ஏப்பம் விட்டால் பூமி சூடாகிறது என்று விளக்கினோம், கடைசி வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து "அப்போ ஏப்பம் விடாதேன்னு மாட்டுக்கிட்ட நாங்க சொல்லணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், கறவை நேரம் வந்தது, கூட்டம் கலைந்துவிட்டது.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. உலகம் முழுக்க ஏறக்குறைய 15 கோடிக் குடும்பங்கள் பால் உற்பத்தியில் இருப்பதாக ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. அதில் பெரும் பங்கு நாலைந்து மாடுகளுக்கு மேல் இல்லாதவர்கள். ஒரு மாடு காய்ச்சலில் படுத்தால் அந்த மாதச் செலவு ஆட்டம் கண்டுவிடும் குடும்பத்திடம் போய், பத்து வருடம் கழித்து உலகத்துக்கு வரப்போகும் நன்மையைச் சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் தீனி நொதிக்கும்போது ஹைட்ரஜன் வருகிறது, அதை அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் பூமியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனாக மாற்றுகின்றன, மாடு அதை ஏப்பமாக வெளியே விடுகிறது. (பின்பக்கமாகப் போவது மிகக் கொஞ்சம், பலரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.) ஒரு கறவை மாடு வருடத்துக்கு 70 முதல் 120 கிலோ வரை மீத்தேன் விடும். தின்ற தீனியில் இருக்கும் ஆற்றலில் 6 சதவீதம் போல இப்படிக் காற்றில் போகிறது. அதாவது காசு கொடுத்து வாங்கிய தீவனத்தில் ஒரு பங்கு ஏப்பமாகப் போகிறது. பால் தராமல் நிற்கும் மாடும் தின்கிறது, அதுவும் ஏப்பம் விடுகிறது. மாட்டுக்காரரின் பணம் எங்கே ஒழுகுகிறதோ, பெரும்பாலும் அங்கேதான் மீத்தேனும் கசிகிறது. நம் வேலை அந்த ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான். மீத்தேன் என்ற சொல்லை முதல் ஆறு மாதம் வாயில் எடுக்காமல்கூட இதைச் செய்யலாம்.

முதல் வாரம் சும்மா பாருங்கள்

எதையும் சொல்லிக் கொடுக்காமல், விடியற்காலைக் கறவைக்குப் போய் ஓரமாக நில்லுங்கள், மாலைக் கறவைக்கும் போங்கள். யார் கறக்கிறார், யார் தீவனம் வைக்கிறார், யார் சாணி அள்ளுகிறார், யார் பால் பணத்தைக் கையில் வாங்குகிறார் என்று கவனியுங்கள். நான்கும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். பல வீடுகளில் மாட்டோடு நாள் முழுக்கப் புழங்குவது பெண்கள், பயிற்சிக்கு வந்து கையெழுத்துப் போடுவது ஆண்கள். தீவன அளவைப் பற்றி நீங்கள் சொன்னது தீவனம் வைப்பவர் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை என்றால் அந்தப் பயிற்சி யாருக்காக? கறவைக்கும் சமையலுக்கும் இடைப்பட்ட நேரம் எது என்று கேட்டு, அந்த நேரத்தில், அவர்கள் கொட்டகையிலேயே பேசுங்கள்.

நிற்கும்போது கண்ணில் பட வேண்டியவை சில இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, பாசி பிடித்திருக்கிறதா. தீவனத் தொட்டியில் என்ன மிஞ்சிக் கிடக்கிறது, தண்டா இலையா. சாணி தண்ணீராகப் போகிறதா, அதில் முழுத் தானியம் கிடக்கிறதா. காலில் புண் இருக்கிறதா. நிம்மதியாகப் படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் தீனியிலோ கொட்டகையிலோ ஏதோ கோளாறு.

நோட்டுப் போடுங்கள்

இது ரொம்பச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம் என்பேன். ஒரு மாட்டுக்கு ஒரு பக்கம். கன்று ஈன்ற தேதி, அப்புறம் பருவத்துக்கு வந்த தேதிகள், சினை ஊசி போட்ட தேதி, சினை உறுதியான தேதி, கறவையை நிறுத்திய தேதி, என்ன நோய் வந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள். வாரத்தில் ஒரு நாள், ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியாக அளந்து எழுத வேண்டும். எல்லாப் பாலையும் ஒரே கேனில் ஊற்றிவிட்டு "மொத்தம் இவ்வளவு" என்று சொல்லும் வீட்டில், எந்த மாடு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது, எந்த மாட்டுக்குக் குடும்பம் சோறு போடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

மாதத்தில் ஒரு நாள் ஒரு தொங்கு தராசை எடுத்துக்கொண்டு போய் அன்றைக்கு வைக்கும் பசுந்தீவனம், உலர்தீவனம், அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிட்டுக் கலவை) எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள். "ரெண்டு கூடை", "ஒரு படி" என்று கைக்கணக்கில் வைப்பவர்களுக்குத் தராசு காட்டும் எண் பெரும்பாலும் அதிர்ச்சிதான். நன்றாகக் கறக்கும் மாட்டுக்குக் குறைவாகவும், வற்றப் போகும் மாட்டுக்கு அதே அளவும் போய்க்கொண்டிருக்கும். பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது, ஆகவே இங்கே சரிசெய்வது உடனே கையில் தெரியும்.

இந்த நோட்டிலிருந்து மூன்றே மூன்று எண்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: தீவனச் செலவு போக ஒரு மாடு ஒரு நாளில் விட்டுவைக்கும் பணம், மொத்த மாடுகளில் இப்போது கறவையில் இருப்பவை எத்தனை, ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் நடுவில் எத்தனை மாதம். செயலி, கணினிப் படிவம் எல்லாம் பிறகு வரட்டும். செல்போனில் பதிவு செய்வது வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கையில் சாணியோடு நிற்பவருக்குக் கம்பத்தில் கட்டித் தொங்கும் பென்சிலும் நோட்டும்தான் உதவும் என்பது என் அனுபவம்.

செலவு குறைந்த இரண்டு: தண்ணீர், நிழல்

நீங்கள் சொல்வதைக் கேட்டால் பலன் உண்டு என்ற நம்பிக்கை வர, முதல் மாற்றம் சீக்கிரம் பலன் தர வேண்டும், செலவும் அதிகம் இருக்கக் கூடாது. தண்ணீரை விட்டால் அதற்கு வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரு லிட்டர் பாலுக்கு மாடு 3 முதல் 5 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் கூட. காலையும் மாலையும் வாளியில் காட்டிவிட்டுக் கட்டிப் போட்டால் அதற்குத் தேவையானது கிடைக்காது. எப்போது வேண்டுமானாலும் வாய் வைக்கிற மாதிரி ஒரு தொட்டி, அதில் சுத்தமான தண்ணீர். இதற்கே சில நாட்களில் பால் ஏறுவதைப் பல கொட்டகைகளில் பார்க்கலாம். மனிதன் குடிக்கத் தயங்கும் தண்ணீரை மாட்டுக்கு வைக்காதீர்கள் என்று சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

அடுத்தது வெக்கை. வரும் வருடங்களில் மாட்டுக்காரர்களை அதிகம் அடிக்கப் போவது இதுதான். கறவை மாட்டின் வயிறே ஓர் அடுப்பு, நொதித்தலில் வெப்பம் வந்துகொண்டே இருக்கும், ஆகவே நமக்கு இதமாக இருக்கும் வெயிலே அதற்குத் தொல்லை. நிறைய கறக்கும் மாடு இன்னும் சீக்கிரம் தளரும். விலாவைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள், 60-ஐத் தாண்டினால் மாடு திணறுகிறது என்று அர்த்தம். தீனி குறையும், பால் குறையும், அதைவிட மோசம், பருவத்துக்கு வரும் அறிகுறி மங்கிச் சினை பிடிக்காமல் போகும். வெயில் காலம் முடிந்து மூன்று மாதம் கழித்து "சினையே நிக்க மாட்டேங்குது" என்று புலம்புவார்கள், காரணம் கோடையில் இருக்கும்.

என்ன செய்யலாம்? கூரையை உயர்த்துவது, பக்கச்சுவரை இடித்துக் காற்றை விடுவது, கொட்டகையைச் சுற்றி மரம் வைப்பது, தீவனத்தின் பெரும் பங்கை விடியலிலும் இரவிலும் வைப்பது. தண்ணீர் தெளிப்பான் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காற்று ஓடாத, புழுக்கமான கொட்டகையில் தண்ணீர் மட்டும் தெளித்தால் கொட்டகை ஆவிக்குளியல் அறை ஆகிவிடும், மாட்டுக்கு இருந்ததைவிட மோசம். மின்விசிறியோடு சேர்த்து, உடல் நனையும் அளவுக்குக் கொஞ்ச நேரம் தெளித்து, அது உலர்ந்த பிறகு மறுபடி தெளிப்பதுதான் முறை.

தீவனம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

மட்டமான வைக்கோலை மட்டும் தின்னும் மாடு, ஒரு லிட்டர் பாலுக்கு என்று கணக்குப் போட்டால் அதிக மீத்தேன் விடும். செரிக்கக் கூடிய நல்ல தீனி தின்னும் மாடு குறைவாக விடும். ஆகவே தீவனத்தின் தரத்தை உயர்த்துவதுதான் பாலுக்கும் நல்லது, காற்றுக்கும் நல்லது. இதைக் கேட்டவுடன் அடர்தீவனத்தை அள்ளி வைக்கச் சொல்லிவிடாதீர்கள். திடீரென்று தானியம் கூடினால் வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும், செத்தும் போகும். எந்தத் தீவன மாற்றமும் பத்துப் பதினைந்து நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

முதலில், இருப்பதை வீணாக்காமல் இருப்பது. தட்டையை முழு நீளத்தில் போட்டால் இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதிக்கும், நறுக்கிப் போட்டால் மிச்சம் குறையும். அப்புறம் பயறு வகைத் தீவனம்: குதிரைமசால், வேலிமசால், காராமணி மாதிரி. மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், பிண்ணாக்குச் செலவையும் குறைக்கும். சவுண்டல் மாதிரி மரத்தீவனங்களும் நல்லவை, ஆனால் சவுண்டலில் மைமோசின் என்ற நச்சு இருப்பதால் அதையே வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது, மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

மழைக்காலத்தில் தீவனம் வழியும், வறண்ட காலத்தில் எலும்பு தெரியும். இந்த ஏற்ற இறக்கம் இனி இன்னும் கூடும், ஆகவே சேமிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பருவநிலை மாற்றத்துக்கு நாம் செய்யும் உருப்படியான ஏற்பாடு. ஊறுகாய்ப் புல், அதாவது சைலேஜ், பெரிய பண்ணைகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பைகளில்கூடப் போடலாம். மக்காச்சோளமாக இருந்தால் மணி பால் இறுகி மாவாகும் பருவத்தில் வெட்டி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, காற்றே இல்லாமல் மிதித்து அடைத்து மூட வேண்டும். நறுக்கியதை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள்: சாறு சொட்டினால் ஈரம் அதிகம், ஒரு நாள் வாடவிட வேண்டும். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உருண்டை மெல்ல விரிந்தால் சரி. ஆறேழு வாரத்தில் திறக்கலாம். புளித்த பழ வாசனை வந்தால் நன்றாக வந்திருக்கிறது, நாற்றம் அடித்தாலோ பூஞ்சை பூத்திருந்தாலோ அந்தப் பகுதியை மாட்டுக்குக் காட்டவே கூடாது. பெரும்பாலான தோல்வி மிதிப்பதில் சோம்பல் பட்டதால் வருவது. முதல் தடவை நீங்களும் கூட நின்று மிதியுங்கள், சும்மா கைகாட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

வைக்கோலைத் தவிர வேறு இல்லாத இடத்தில் யூரியா ஊட்டி அதைச் செரிக்கக் கூடிய தீனியாக்குவது ஒரு வழி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் போலத் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, பாலித்தீன் போட்டு மூன்று வாரம் மூடி வைப்பது. அப்புறம் தேவையானதை எடுத்துக் காற்றாட விட்டு வைக்கலாம். கரைசல் இருக்கும் பாத்திரத்தின் பக்கம் எந்தக் கால்நடையும் வரக் கூடாது, குடித்தால் விஷம். ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட கன்றுக்கு இந்த வைக்கோல் வேண்டாம். படித்துவிட்டுச் செய்வதைவிடத் தெரிந்தவர் ஒருவர் முதல் தடவை பக்கத்தில் இருப்பது நல்லது.

சும்மா நிற்கும் நாட்கள்

நோட்டுப் போட்டு ஆறு மாதம் ஆன பிறகு இந்தப் பேச்சை எடுங்கள், அப்போதுதான் எண்கள் கையில் இருக்கும். கணக்கு எளிது. ஆறு வருடம் என்பது 72 மாதம். 12 மாதத்துக்கு ஒரு முறை ஈனும் மாடு 6 ஈற்று ஈனும், 18 மாதத்துக்கு ஒரு முறை ஈனும் மாடு 4. இரண்டு ஈற்று போனது, ஈன்ற புதிதில் பொங்கி வரும் பால் இரண்டு முறை போனது, இரண்டு கன்று போனது. தீனி மட்டும் குறையவில்லை, மாடு ஒரு நாள்கூட விடாமல் தின்றது. லிட்டருக்கு இத்தனை மீத்தேன் என்ற கணக்கில் இந்தச் சும்மா நின்ற மாதங்கள் முழுசாக ஏறும்.

இதைச் சரிசெய்ய வேண்டியது பெரும்பாலும் கண்ணால் பார்ப்பதுதான். மாடு 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும், அறிகுறி பல சமயம் ஒரு நாள்கூட நிற்காது, அதுவும் இரவில் வந்துவிட்டுப் போகலாம். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் தீவனம் தெண்டம். ஆகவே காலை, மாலை, படுக்கப் போகுமுன் என்று மூன்று தடவை பத்து நிமிடம் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில். ஊசி போடுபவர் நேரத்துக்கு வரவில்லை என்றால் குறை மாட்டுக்காரர்மேல் இல்லை, அங்கேதான் உங்கள் உதவி தேவை: ஆள், சினை ஊசிக்கான விந்தைப் பாதுகாக்கும் குளிர் கலன், வண்டி, போன் எண் இதையெல்லாம் ஏற்பாடு செய்வது சங்கமோ நிறுவனமோ செய்ய வேண்டிய வேலை.

கன்று செத்தால் அதுவும் அதே ஓட்டைதான், தாய் ஒன்பது மாதம் தின்றது வீண். சீம்பாலைப் பற்றி மட்டும் பிடிவாதமாக இருங்கள். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு முதல் அரை நாளுக்குள். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். ஒரு நாள் கடந்துவிட்டால் குடல் அந்த நோய் எதிர்ப்புச் சத்தை உள்ளே விடாது. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பதில் நிறைய கன்றுகள் போயிருக்கின்றன. கிடேரிகளை நன்றாக வளர்த்தால் இரண்டு, இரண்டேகால் வயதில் முதல் ஈற்று வரும், ஏனோதானோ என்று வளர்த்தால் மூன்றரை வயதிலும் வராது.

மடிநோயும் அப்படித்தான். வீங்கி, கட்டி கட்டியாகப் பால் வருவதை எல்லோரும் பார்ப்பார்கள். வெளியே தெரியாத மடிநோய்தான் ஆளை விழுங்குவது. ஒரு மில்லி பாலில் உடல் செல்கள் 2 லட்சத்தைத் தாண்டினால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள், பால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அளவு குறைந்துகொண்டே வரும். மடி சோதனைக் கரைசல் கையில் இருந்தால் கொட்டகையிலேயே பார்த்துவிடலாம். கறந்தவுடன் காம்பை மருந்தில் முக்குவது, கறந்த பிறகு அரைமணி நேரம் மாடு படுக்காதபடி தொட்டியில் தீவனம் வைப்பது, இரண்டும் சல்லிக்காசு விஷயம். ஆண்டிபயாட்டிக் போட்டால் மருந்தில் சொல்லியிருக்கும் நாள்வரை அந்தப் பாலை ஊற்றக் கூடாது. இதைச் செய்யும் குடும்பத்துக்கு அந்த நாட்களின் பால் பணம் போகும் என்பதை உணர்ந்து பேசுங்கள், திருட்டு பிடிக்க வந்தவர் மாதிரிப் பேசாதீர்கள்.

இந்த இடத்தில் மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2005-க்கும் 2015-க்கும் நடுவில் உலகப் பால் துறையில் ஒரு கிலோ பாலுக்கு வரும் வெப்ப வாயு (எல்லாவற்றையும் கார்பன் டை ஆக்சைடு கணக்குக்கு மாற்றினால்) 2.8 கிலோவிலிருந்து 2.5 கிலோவாகக் குறைந்தது, ஆனால் மொத்தம் 18 சதவீதம் ஏறியது, ஏனென்றால் பால் உற்பத்தி 30 சதவீதம் கூடிவிட்டது. இது ஐ.நா.வின் அதே உணவு வேளாண்மை அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்கு. ஒவ்வொரு மாடும் திறமையாகக் கறக்க ஆரம்பித்ததும் வந்த லாபத்தில் இன்னும் இரண்டு மாடு வாங்கிக் கட்டினால் மீத்தேன் கணக்கு பழையபடி. ஆகவே நோட்டில் எண்கள் நன்றாக வர ஆரம்பித்ததும், "இதே பாலை ஒரு மாடு குறைத்துக் கறக்க முடியுமா?" என்ற கேள்வியைப் போடுங்கள். தீவனமும் உழைப்பும் மிச்சம் என்று தெரிந்தால் நிறைய பேர் கேட்பார்கள், சிலர் கேட்கமாட்டார்கள், மாடு அவர்களுக்கு வங்கி மாதிரி, அவசரத்துக்கு விற்கும் சொத்து. அதற்கு வேறு சேமிப்பு வழி இல்லாமல் "குறை" என்று மட்டும் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

சாணம்

காற்றுப் படாமல், தண்ணீரோடு குழியில் தேங்கிக் கிடக்கும் சாணம் மீத்தேன் விடும். காய்ந்த குவியல் குறைவாக விடும். ஆகவே கொட்டகையைக் கழுவிய தண்ணீரையெல்லாம் சாணக் குழியில் விடுவதை நிறுத்துவதே முதல் படி. மூத்திரத்தைத் தனியாக வடித்து நிலத்துக்குக் கொண்டுபோனால் உரச் செலவும் குறையும்.

சாண எரிவாயுக் கலன் நல்ல விஷயம்தான், ஆனால் மானியம் வருகிறதே என்று எல்லா வீட்டிலும் கட்டச் சொல்லாதீர்கள். 25 கிலோ புதுச் சாணத்துக்கு ஒரு கன மீட்டர் வாயு போலக் கிடைக்கும், அதே அளவு தண்ணீரும் தினமும் வேண்டும். தண்ணீர் இல்லாத இடம், மாடு மேய்ச்சலுக்குப் போய்ச் சாணம் காட்டில் விழும் வீடு, அடுத்த வருடம் மாட்டை விற்க நினைக்கும் வீடு, இந்த மூன்றுக்கும் கலன் வேண்டாம். கட்டிய கலன்கள் பாழாவது பெரும்பாலும் குழாயில் தண்ணீர் தேங்குவது, வால்வு போவது மாதிரிச் சின்னக் காரணங்களால், பழுது பார்க்க ஆளில்லாமல். பத்துக் கலனுக்கு ஓர் ஆளையாவது பழுது பார்க்கப் பழக்குங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பதை அந்த வீட்டாருக்கே சொல்லிக்கொடுங்கள், கசியும் கலன் சும்மா கிடக்கும் சாணத்தைவிடக் கெடுதல்.

பொடி, மருந்து, கார்பன் பணம்

மீத்தேனைக் குறைக்கும் தீவனச் சேர்க்கைகளைப் பற்றிக் கேட்பார்கள். 3-என்ஓபி என்ற ஒன்று இருக்கிறது, 2022-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2024-இல் அமெரிக்காவிலும் அனுமதி வந்தது, கறவை மாட்டில் 30 சதவீதம் போலக் குறைக்கிறது. ஆனால் வயிற்றில் சீக்கிரம் சிதைந்துவிடும், ஆகவே நாள் முழுக்கத் தின்னும் கலப்புத் தீவனத்தில் சேர்ந்து போக வேண்டும், மேய்ச்சல் மாட்டுக்கு ஒத்துவருவது கஷ்டம். சிவப்புக் கடற்பாசியில் ஒரு வகை சோதனைகளில் இன்னும் அதிகம் குறைத்திருக்கிறது, அதில் புரோமோஃபார்ம் என்ற, அதிகமானால் நஞ்சாகும் ரசாயனம் இருப்பது ஒரு கவலை. முக்கியமானது, இவற்றைக் கொடுப்பதால் பால் கூடிப் பை நிறையும் என்று நம்பி யாரும் வாங்கக் கூடாது. குறைவது உலகத்தின் மீத்தேன், செலவு ஒரு குடும்பத்தின் கணக்கில். யார் அந்தச் செலவை ஏற்கிறார் என்ற கேள்விக்குப் பதில் எழுத்தில் வந்தால் சேர்க்கலாம்.

டென்மார்க் 2030 முதல் கால்நடைகள் விடும் வெப்ப வாயுவுக்கு வரி போட 2024-இல் முடிவெடுத்தது. பெரிய பால் நிறுவனங்கள் தங்கள் வெப்ப வாயுக் கணக்கில் காட்டப் பண்ணைக் கணக்கைக் கேட்க ஆரம்பித்துவிட்டன. அந்தக் கணக்குக்கு வேண்டிய எல்லாம் நீங்கள் போட்ட நோட்டில்தான் இருக்கிறது, ஆகவே அதைச் சும்மா தூக்கிக் கொடுக்க வேண்டாம் என்று மாட்டுக்காரர்களிடம் சொல்லுங்கள். வெப்ப வாயுவைக் குறைத்ததற்குப் பணம் தருவதாகச் சொல்லும் கார்பன் வரவு ஒப்பந்தம் யாராவது நீட்டினால் நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எத்தனை வருடம் கட்டுப்பட வேண்டும், அளக்கும் செலவு யாருடையது, நடுவில் மாட்டை விற்றால் என்ன ஆகும், பணம் எப்போது கையில் வரும். ஒன்றுக்காவது மழுப்பினால் கையெழுத்து வேண்டாம்.

கடனும் அப்படித்தான். மாடு வற்றியிருக்கும் இரண்டு மாதத்திலும் அதே தவணை கட்டச் சொல்லும் கடன் கடைசியில் அந்த மாட்டையே விற்க வைக்கும். தவணையைக் கறவையோடு ஏற்றி இறக்கித் தரச் சொல்லி வங்கியிடமோ சங்கத்திடமோ பேசுவது நம் வேலை. புது முறையை முதலில் ஒரு மாட்டில், ஒரு துண்டு நிலத்தில் செய்து பார்க்கச் சொல்லுங்கள், அது கெட்டால் நட்டத்தை ஏற்க ஒரு சின்ன நிதியை வைத்திருங்கள். நாம் சொன்னதைக் கேட்டு நட்டப்பட்ட ஒருவர், ஊரில் பத்துப் பேரைத் தடுத்துவிடுவார், அதில் நியாயமும் இருக்கிறது. அதே மாதிரி, ஒருவர் கொட்டகையில் நன்றாக வந்தால் மற்றவர்களை அங்கே கூட்டிப் போங்கள், பேச வேண்டியவர் அவர்தான், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

விலக நினைப்பவர்

எல்லோரும் இந்தத் தொழிலில் தொடரப் போவதில்லை. வயதாகிவிட்டது, பிள்ளைகள் வரமாட்டார்கள், தண்ணீர் வற்றிவிட்டது, எதுவோ ஒன்று. திட்டத்தில் இத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று காட்ட வேண்டிய அவசரத்தில் இவர்களையும் கடன் வாங்கிப் புதுக் கொட்டகை போட வைப்பது பெரிய துரோகம். நேராகக் கேளுங்கள், ஐந்து வருடம் கழித்து மாடு இருக்குமா என்று. இருக்காது என்றால் சினை மாடாக, நோட்டுப் பதிவோடு விற்றால் நல்ல விலை வரும் என்று சொல்லுங்கள், வாங்குபவருக்கும் அந்தப் பக்கங்களின் அருமை தெரியும். நிலம் இருந்தால் தீவனம் வளர்த்து ஊறுகாய்ப் புல்லாக மற்றவர்களுக்கு விற்கலாம், உடம்பு ஒத்துழைத்தால் பிறர் கன்றுகளை வாங்கிக் கிடேரிகளாக வளர்த்துக் கொடுக்கலாம். அவர் விற்க முடிவு செய்த அன்று, வியாபாரி வருமுன் நீங்கள் போய் அந்த நோட்டை ஒரு நகல் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.